கொழுப்பெடுத்தவள்

சிவசண்முகத்துக்கு மாரடைப்பு வந்தபோது அவர் மேடையில் நின்று ஒல்லியாக இருப்பதன் மேன்மையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். ஈரோட்டில் அவருடைய துணிக்கடையின் மூன்றாவது மாடித் திறப்பு விழா அது. "இந்த மாடியில முப்பத்தாறு சைஸுக்கு மேல ஒரு சட்டை கூடக் கெடையாதுங்க. ஏன்னா அதுக்கு மேல இனி மனுசனே கெடையாது" என்றார். கூட்டம் கை தட்டியது. அடுத்த வாக்கியத்தைத் தொடங்கியவர் மைக்கைப் பிடித்தபடியே சரிந்தார். அது பேச்சின் பகுதி என்று நினைத்த பின்வரிசைக்காரர்கள் அதற்கும் கொஞ்சம் கை தட்டினார்கள்.

அவர் தங்கை வான்மதி அந்த விழாவில் இல்லை. அவளை யாரும் அழைக்கவில்லை. பவானியில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருந்தாள். பத்திர எழுத்தர் ஒருவரிடம் தட்டச்சு வேலை. வயது நாற்பத்திரண்டு, எடை தொண்ணூற்றாறு கிலோ. அழைக்காததற்குக் காரணம் இந்த இரண்டாவது எண்தான்.

வார ஊசி வந்து பதினைந்து வருடமாகியிருந்தது. வாரத்துக்கு ஒரு தடவை தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரு குத்து. பசி என்ற சமாச்சாரமே போய்விடும். முதலில் பணக்காரர்கள் போட்டுக்கொண்டார்கள், பிறகு அரசு ஆஸ்பத்திரியில் செவ்வாய்க்கிழமைதோறும் இலவசமாகப் போட்டார்கள். ஐந்தே வருடத்தில் நாடு இளைத்துவிட்டது. "சாப்டாச்சுங்களா?" என்று கேட்டுப் பழகிய ஊர், "ஊசி போட்டாச்சுங்களா?" என்று கேட்கத் தொடங்கியது. கல்யாணப் பந்தியில் வாழை இலை பள்ளிக்கூட நோட்டு அளவுக்குச் சுருங்கியது. அதிலும் பாதி மிஞ்சியது. பேருந்தில் இரண்டு பேர் உட்கார்ந்த இருக்கையில் மூன்று பேர் என்று அரசாணை வந்தது.

வான்மதியும் போட்டுக்கொண்டவள்தான். முதல் ஊசியிலேயே கணையம் வீங்கி, பதினொரு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தாள். இன்னொரு ஊசி போட்டால் ஆள் மிஞ்சாது என்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஆகவே ஊரே வற்றிப்போன பிறகும் அவள் மட்டும் அப்படியே இருந்தாள். தெருவில் போனால், குண்டான மனிதரைப் பார்த்தே இராத குழந்தைகள் அம்மாவின் கையை இழுத்து, "அவங்களுக்கு என்னாச்சும்மா?" என்று கேட்டன. அம்மாக்கள் குரலைத் தாழ்த்தி ஏதோ சொன்னார்கள். பேருந்தில் அவள் மூன்று டிக்கெட் எடுத்தாள்.

இதெல்லாம் அவளுக்குப் பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான். போன தை மாதம் அண்ணன் மகள் தன்யாவுக்கு நிச்சயதார்த்தம். முதல் நாள் அண்ணி ஹேமலதா ஃபோன் செய்தாள்.

"மதி, எல்லாரும் மண்டபத்துக்கு வந்துட்டா வீட்டுக்குக் காவல் ஆளு வேணுமல்ல? நீ இங்க இருந்துக்க."

பின்னாலிருந்து அண்ணன் குரல் கேட்டது. "வெளிப்படையாவே சொல்லு, அது புரிஞ்சுக்கும். சம்பந்தி வீட்டுக்காரங்க நம்ம ரத்தத்துலயே இப்பிடி இருக்குதுன்னு நெனச்சுக்கக் கூடாதல்ல."

நான்கு கேமராவும் ஒரு நாயும் காவல் இருந்த வீட்டை வான்மதி அன்று முழுவதும் காவல் காத்தாள்.

மாரடைப்பு வந்து ஒன்பதாம் நாள், அவள் வீட்டு வாசலில் அண்ணனின் கார் வந்து நின்றது. பதினேழு படிகள் ஏறி ஹேமலதா வந்தாள். பின்னால் டிரைவர் இரண்டு அடுக்குச் சாப்பாட்டுக் கேரியர்களைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"கண்ணு, சாப்டயா?" என்றாள் ஹேமலதா.

அண்ணி வாயிலிருந்து 'கண்ணு' வந்து வான்மதி கேட்டதே இல்லை. அண்ணன் போய்விட்டார் என்றே நினைத்தாள். அதற்குள் அண்ணி ஒரு அடுக்கைத் திறந்து, நெய் மிதக்கும் அல்வாவைக் கரண்டியால் எடுத்து அவள் வாய்க்கு நேராக நீட்டிவிட்டாள்.

"மொதல்ல தின்னு. பொறவு பேசலாம். நெம்ப எளச்சுப் போயிருக்கற பாரு, எனக்கு வவுறெரியுது."

மறுநாள் ஈரோட்டு ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜெனிதா விஷயத்தைச் சொன்னார். ஐம்பது வயதிருக்கும். சுற்றி வளைக்காமல் பேசுகிறவர்.

"உங்க அண்ணன் இதயத்துல கால்வாசி தழும்பாயிடுச்சும்மா. தழும்பு துடிக்காது, சும்மா தோல் மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கும். பம்ப் பண்ற சக்தி இருபத்திரண்டு சதவீதம். மருந்துல ஓட்டினா ஒரு வருஷம் ஓடும்."

"வேற வழி இல்லீங்களா?" என்றாள் வான்மதி.

"இருக்கு. நம்ம கொழுப்புக்குள்ள சில செல்லுங்க உண்டு. தான் என்னவா ஆகப் போறோம்னு இன்னும் முடிவு பண்ணாத செல்லுங்க. வயித்துல இருந்து கொழுப்ப உறிஞ்சி, அதுகளை மட்டும் பிரிச்சு, மூணு வாரம் வளர்ப்போம். அப்புறம் தொடை வழியாக் குழாய் விட்டு, தழும்பைச் சுத்திப் போடுவோம். புது ரத்தக் குழாய் முளைக்கும். ஓரத்துல மயங்கிக் கெடக்கற தசை முழிச்சுக்கும். ஆறு மாசத்துக்கு ஒண்ணா மூணு தடவை போடணும்."

"அண்ணங்கொழுப்பையே எடுக்கலாமுங்களே?"

"எங்க இருக்கு? அவர் உடம்பு முழுக்கத் துழாவினோம், ஒரு டம்ளர் தேறல. தேறினதும் பிரயோஜனம் இல்ல. வார ஊசி போட்டவங்க கொழுப்புல அந்தச் செல் தூங்கிடுது. தட்டுல போட்டு எழுப்பிப் பார்த்தோம், எழுந்திருக்கல. அவர் மகன், மகள் ரெண்டு பேருமே அப்படித்தான். ரத்த சொந்தத்துல, ஊசி போடாத ஒருத்தர் வேணும்."

"எங்க கூட்டத்துச் சொந்தக்காரங்க குரூப்புல எரநூத்திப் பதினாலு பேருங்க டாக்டர்" என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹேமலதா மூக்கை உறிஞ்சினாள். "ஒவ்வொருத்தரா ஃபோன் போட்டுக் கேட்டேன். ஒரு கிழடு கூட மிஞ்சலீங்க. நல்லவேளை, நம்ம ரத்தத்துல இப்பிடி ஒருத்தியாச்சும் இருக்கறா."

வான்மதி அண்ணியைத் திரும்பிப் பார்த்தாள். அண்ணி முகத்தில் கேலி எதுவும் இல்லை. மனதாரத்தான் சொல்லியிருந்தாள்.

பிறகு அண்ணனைப் பார்க்க உள்ளே விட்டார்கள். நெஞ்சில் நாலைந்து ஒயர்களோடு, விரித்துப் போட்ட வேட்டி போலப் படுக்கையில் ஒட்டிக் கிடந்தார். அவளைக் கண்டதும் உதட்டை நனைத்துக்கொண்டார்.

"உனக்கு ஒண்ணும் செரமம் இல்லீன்னா..." என்று தொடங்கி நிறுத்தினார். முன்னூறு பேருக்குச் சம்பளம் கொடுக்கிற மனிதர். கேட்டுப் பழக்கமில்லை.

"நா ஒண்ணு கேக்கோணுங்கண்ணா" என்றாள் வான்மதி. "நிச்சயதார்த்தத்தன்னிக்கு என்னைய எதுக்கு அப்பிடி வீட்ல விட்டுட்டுப் போனீங்க?"

சிவசண்முகம் வாயைத் திறந்தார். தலைமாட்டில் இருந்த கருவி கூவியது. நர்ஸ் ஓடிவந்து அவளை வெளியே அனுப்பினாள்.

அந்த மாதத்தில் அவள் மூன்று தடவை அந்தக் கேள்வியைக் கேட்டாள். மூன்று தடவையும் கருவி கூவியது. நான்காவது தடவை அவள் வாயைத் திறக்கும் முன்பே அண்ணன் கருவியைத்தான் பார்த்தார். அது கூவவில்லை. அவரே கண்ணை மூடிக்கொண்டார்.

கொழுப்பை எடுப்பதற்கு முன் அவளுடைய ரத்தத்தையும் கணையத்தையும் சோதிக்க ஐந்து வாரம் ஆகும் என்றார்கள். அந்த ஐந்து வாரமும் ஈரோட்டிலிருந்து வேளைக்கு ஒரு கேரியர் வந்தது. வெள்ளாட்டுக் கறி, பால் பணியாரம், முந்திரி போட்ட பொங்கல். காலியான கேரியரைப் படம் பிடித்து அண்ணிக்கு அனுப்பிவிட்டுத்தான் டிரைவர் கிளம்புவான். வான்மதி அந்தச் சாப்பாட்டை வெறுக்க வேண்டும் என்று ஒவ்வொரு வேளையும் தீர்மானித்தாள். ஒவ்வொரு வேளையும் கேரியர் காலியானது. எதற்காகப் போடுகிறார்கள் என்று தெரிந்தும் பணியாரம் ருசித்தது. அது அவளுக்கு அவமானமாகவும் இருந்தது.

சேதி பவானிக்குள் பரவியது. இதுவரை அவள் கடந்து போகும்போது, "கொழுப்பு எச்சாப் போச்சு" என்று முணுமுணுத்த பஸ் நிலையத்துக் கடைக்காரர், "உங்களுது நல்ல கொழுப்பாமுங்களே" என்று எழுந்து நின்று கும்பிட்டார். கவுன்சிலரின் மைத்துனர் வீடு தேடி வந்து, தன் அப்பாவுக்கும் இதயம் சரியில்லை, ரத்த சொந்தம் இல்லாவிட்டாலும் ஒரே ஊர்தானே, அரை லிட்டராவது பார்க்கக் கூடாதா என்று கேட்டார்.

இந்தக் கூத்துக்கு நடுவில் கோயமுத்தூரிலிருந்து அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. பழைய ஊசி ஒத்துக்கொள்ளாதவர்களுக்கென்று புது ஊசி ஒன்று கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆறு வருடத்துக்கு முன்பு அவள் பெயரைப் பதிந்து வைத்திருந்தாள். இப்போது முறை வந்துவிட்டது. நான்கு மாதத்துக்குள் தொடங்க வேண்டும், இல்லையென்றால் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும்.

கடிதத்தை நாலைந்து தடவை படித்தாள். ஒரே டிக்கெட்டில் பேருந்தில் போவதை நினைத்தாள். குழந்தைகள் அவளைத் திரும்பிப் பார்க்காமல் போவதை நினைத்தாள். பிறகு பதினெட்டு மாதம், மூன்று ஊசி, அண்ணன். கடிதத்தை மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தாள்.

அதற்கு மறுவாரம் அவள் வேலை பார்க்கும் இடத்துக்கு ஹேமலதா வந்துவிட்டுப் போயிருந்தாள். பத்திர எழுத்தர் லோகநாதன் கையால் எழுதிய இரண்டு தாள்களை வான்மதியின் மேசையில் வைத்தார். கொஞ்சம் சங்கடமாகத் தொண்டையைக் கனைத்தார்.

"உங்கண்ணி எழுதச் சொன்னதம்மா. நீயே அடிச்சிரு. வேற யாருகிட்டக் குடுக்கறது?"

வான்மதி தாளை எடுத்து அடிக்கத் தொடங்கினாள்.

'வான்மதி ஆகிய நான் என் முழு மனதுடன் எழுதிக் கொடுத்த உறுதிமொழிப் பத்திரம் என்னவென்றால், எனக்குச் சொந்தமாகவும் என் அனுபவத்திலும் இருந்துவரும் கீழ்க்கண்ட விவரப்படியான கொழுப்பை, என் அண்ணாரின் இதய சிகிச்சை முடியும் பதினெட்டு மாத காலம் வரை, யாதொரு வில்லங்கத்துக்கும் உட்படுத்தாமலும், தொண்ணூறு கிலோவுக்குக் கீழ் குறைக்காமலும், பிறருக்குத் தானமாகவோ கிரயமாகவோ பராதீனம் செய்யாமலும் பாதுகாத்து வரச் சம்மதிக்கிறேன். சொத்து விவரம்: வடக்கே விலா எலும்புக்கும், தெற்கே தொடைக்கும், கிழக்கே வலது இடுப்புக்கும், மேற்கே இடது இடுப்புக்கும் இடைப்பட்ட பகுதி பூராவும்...'

விரல்கள் நின்றன. லோகநாதன் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"நாப்பது வருசத்துல ஒடம்புக்கு நாலெல்லை போட்டது இதுதாம்மா மொத தடவை. செரியா இருக்குதா?"

"ஒரு சந்தேகமுங்க" என்றாள் வான்மதி. "நான் பொரண்டு படுத்தா கெழக்கும் மேக்கும் மாறிருமுங்களே?"

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "'சுமார்'னு போட்டுக்கலாமா?" என்றார்.

வான்மதிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்க அது வேறு ஏதோவாக மாறிக் கண்ணில் வந்து நின்றது. 'பராதீனம்' என்ற சொல்லில் ஒரு கால் விட்டுப் போயிருந்ததைத் திருத்தினாள். அச்செடுத்து அவரிடம் கொடுத்தாள். அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு ஈரோட்டுக்குப் பேருந்து ஏறினாள். மூன்று டிக்கெட்.

டாக்டர் ஜெனிதா அவள் சொன்னதைக் கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார்.

"மூணு தடவைக்கும் சேர்த்து ஒரே நாள்ல எடுக்கணுமா?"

"எடுத்து ஃப்ரீசர்ல வெக்கலாமுங்களா?"

"வைக்கலாம். ஆனா ஒரு தடவைக்கு ஒரு லிட்டர்னா மூணு லிட்டர். உங்க கணையம் ஏற்கெனவே ஒரு தடவை உங்களைப் படுக்க வெச்சிருக்கு. ரத்தம் உறையலாம், காய்ச்சல் வரலாம். மாசக் கணக்குல வயித்தைக் கட்டிக்கிட்டு இருக்கணும். ஆறு மாசத்துக்கு ஒரு லிட்டர்னு நிதானமாக் குடுத்தா இது எதுவும் இல்ல. எதுக்கு இந்த அவசரம்?"

வான்மதி கோயமுத்தூர்க் கடிதத்தை எடுத்துக் காட்டினாள். டாக்டர் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"இந்த ஊசி ஆரம்பிச்சா உங்க செல்லும் தூங்கிடும். அப்புறம் உங்ககிட்ட இருந்து ஒரு சொட்டு எடுக்க முடியாது. தெரியுமில்ல?"

"அதுக்குத்தானுங்க மொதல்லயே எடுத்துக்கங்கன்னு சொல்றேன். அண்ணன் பொழைக்கோணும். ஆனா அதுக்கோசரம் நான் அவங்க வெச்ச எடத்துல, அவங்க வெச்ச எடையில இருந்துக்கிட்டே இருக்க முடியாதுங்க. அப்பறம் ஒண்ணு டாக்டர். இத அவங்க கிட்டச் சொல்ல வேண்டாமுங்க."

"குடுக்கறவங்க ரகசியம் அவங்களோடது. நான் சொல்ல மாட்டேன்" என்றார் ஜெனிதா. பேனாவை மறுபடி எடுத்தபடி, "எனக்குத் தோணுது, நீங்க சொல்லலாம்" என்றார்.

"சொன்னா இருக்கற மூணு லிட்டரும் பத்தாதும்பாங்க."

அண்ணிக்கு அவள் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவில்லை. "அண்ணனுக்குக் குடுக்கறதுக்குப் பத்திரம் எதுக்குங்க அண்ணி?" என்று மட்டும் கேட்டாள். ஹேமலதா அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டு சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாள்.

அறுவை அரங்கில் அவளை முழுதாக மயக்கவில்லை. நெஞ்சுக்குக் கீழ் மரத்துப் போக மட்டும் வைத்தார்கள். குழாய் உள்ளே போவதும் வருவதும் வலியாக இல்லாமல் இழுப்பாகத் தெரிந்தது. பக்கத்தில் கண்ணாடிக் குடுவையில் மஞ்சளாக, வெண்ணெய் உருகினது போல ஏறிக்கொண்டே வந்தது. நாற்பத்திரண்டு வருடம் ஊர் பேசியதெல்லாம் இவ்வளவுதானா என்றிருந்தது அவளுக்கு. மரப்பு விட்ட பிறகு வந்தது நிஜமான வலி. நான்காம் நாள் காய்ச்சல் ஏறி, இரண்டு நாள் நினைவு தப்பியது. வயிறு முழுக்கக் கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப்போய், இறுக்கக் கட்டுப் போட்டு, மல்லாந்தபடியே ஒரு மாதம் கிடந்தாள். ஒரு லிட்டர் எடுத்ததற்கே இந்தப் பாடா என்று பார்க்க வந்த ஹேமலதா, "ஒடம்பு அப்பிடி" என்றாள்.

சிவசண்முகத்துக்கு முதல் ஊசி போட்டார்கள். ஏழாவது வாரம் இதயத்தின் பம்ப் சக்தி முப்பத்தாறு சதவீதத்துக்கு வந்தது. அவர் மாலை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். டாக்டர்களுக்கும், நர்ஸுகளுக்கும், குலதெய்வத்துக்கும் நன்றி சொல்லிச் செய்தித்தாளில் அரைப் பக்கம் விளம்பரம் கொடுத்தார். அதில் தங்கை பெயர் இல்லை. தன்யா கல்யாணம் முடியும் வரை யாருடைய கொழுப்பு என்ற விவரம் சம்பந்தி வீட்டுக்குத் தெரிய வேண்டாம் என்று முடிவாகியிருந்தது.

கல்யாணப் பத்திரிகை கூரியரில் வந்தது. வான்மதி போகவில்லை. ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவும் இல்லை. கல்யாண வேலையில் கேரியர் வருவது நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணியின் ஃபோன் மட்டும் வந்தது.

"எடை பாத்தயா கண்ணு?"

"பாத்தேங்க அண்ணி."

"மெசினு செரியாக் காட்டுதா?"

"நெம்பச் செரியாக் காட்டுதுங்க."

அவள் புது ஊசியைத் தொடங்கியிருந்தாள். இந்தத் தடவை கணையம் பேசாமல் இருந்தது. மாதம் ஆறு கிலோ, ஏழு கிலோ என்று இறங்கியது. பசி எந்த நாளில் போனது என்று அவளால் குறித்துச் சொல்ல முடியவில்லை. ஒருநாள் பஸ் நிலையத்தில் யாரோ பிரித்த பொட்டலத்திலிருந்து சுடச்சுட உருளைக்கிழங்கு போண்டா வாசனை வந்தது. வாசனை வந்தது, போனது, அவ்வளவுதான். முன்பெல்லாம் அந்த வாசனை வயிற்றின் அடியில் எங்கோ ஒரு கயிற்றைப் பிடித்து இழுக்கும். இப்போது கயிறே இல்லை. சாப்பிட வேண்டும் என்று கைபேசியில் மணி வைத்துக்கொண்டு, மணி அடித்தால் இரண்டு வாய் கஞ்சி குடித்தாள். பிறகு கஞ்சியும் போய், ஆஸ்பத்திரியில் கொடுத்த சத்து மாவுப் பொட்டலம் மட்டும் மிஞ்சியது. அடுப்பு எத்தனை வாரமாகப் பற்றவில்லை என்று அவளுக்கே தெரியாது.

பேருந்தில் ஒரே டிக்கெட். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவள் விரும்பியது அதுதான். ஆனால் யாருமே பார்க்காமல் இருப்பது எப்படியிருக்கும் என்று அவள் யோசித்து வைத்திருக்கவில்லை.

கொழுப்பு எடுத்த எட்டாவது மாதம், ஒரு புதன்கிழமை காலையில் வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தாள். ஹேமலதா கையில் பெரிய இனிப்புக் கூடையோடு நின்றாள். இரண்டாவது ஊசிக்குக் கொழுப்பு எடுக்கக் கூட்டிக்கொண்டு போக வந்திருந்தாள்.

"வான்மதி இல்லீங்களா?" என்றாள் ஹேமலதா.

வான்மதி கதவை முழுதாகத் திறந்துவிட்டாள்.

"இந்த வீடுதானுங்களே? கொஞ்சம் பெரிய ஒடம்பா, கண்ணாடி போட்டுக்கிட்டு..."

"நாந்தாங்க அண்ணி."

ஹேமலதா அவள் தோளுக்கு மேலாக வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள், அங்கே இன்னொருத்தி இருப்பாள் என்பது போல. பிறகு இவள் முகத்தைப் பார்த்தாள். கழுத்தை, கையை, வயிறு இருந்த இடத்தைப் பார்த்தாள். கூடை நழுவி மைசூர்பாகு படியெல்லாம் உருண்டது.

"அடிப் பாவி! கொழுப்பெடுத்தவளே! என்னடி பண்ணி வெச்சிருக்கற? உன்ற ஒடம்பயாடி நீ கரைச்ச? எம்புருசன் உசுரடி அது! ஒரு ஃபோன் பண்ணிக் கேட்டயா? யாரக் கேட்டுடி எளச்ச நீ?"

பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்தன. வான்மதி குறுக்கிடவில்லை. அண்ணிக்கு மூச்சு வாங்கும் வரை பேசவிட்டாள். உண்மையைச் சொன்னால், அதில் அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. பிறகு சொன்னாள்.

"எல்லாத்தையும் அன்னிக்கே எடுத்தாச்சுங்க அண்ணி. மூணு லிட்டரு. மிச்சம் ரெண்டு தடவைக்கும் ஆஸ்பத்திரி ஃப்ரீசர்ல அண்ணன் பேரு போட்டு இருக்குது. நீங்க நேரா அங்கயே போயிருக்கலாம்."

 ஹேமலதா ஃபோனை எடுத்து டாக்டருக்குப் போட்டாள், கேட்டாள், வைத்தாள். முகம் மெல்ல மெல்லப் பழைய நிலைக்கு வந்தது. குனிந்து ஒரு மைசூர்பாகை எடுத்துக் கூடையில் போட்டாள். நிமிர்ந்தவள் வான்மதியின் இடுப்பை இன்னொரு தடவை, வேறு மாதிரிப் பார்த்தாள்.

"அது செரி... இது எந்த ஊசி? எங்களுதவிட நல்லா வேலை செய்யுதாட்ட இருக்குதே. கோயமுத்தூர்லயா போடறாங்க?"

அப்போது படியில் காலடி கேட்டது. காரில் உட்கார்ந்திருந்த சிவசண்முகம், சத்தம் கேட்டுத் தானே ஏறி வந்துகொண்டிருந்தார். நடுவில் ஒரு இடத்தில்தான் நின்றார். போன வருடம் நாலு படி ஏற முடியாத ஆள்.

"எல்லாம் எடுத்து வெச்சிருக்குதாமுங்க!" என்று ஹேமலதா மேலிருந்தே கூவினாள். "கவலையில்ல! வாங்க, ஆஸ்பத்திரிக்கே போயிரலாம்."

அவர் அதைக் கேட்டாரா என்று தெரியவில்லை. தங்கையின் முன் வந்து நின்று ரொம்ப நேரம் பார்த்தார். பார்வை தரைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தது.

"மதி" என்றார். குரல் தாழ்ந்திருந்தது. "வீட்ல திங்கறதுக்கு எதாச்சும் இருக்குதா?"

வான்மதிக்குப் புரியவில்லை.

"பசிக்குது" என்றார் சிவசண்முகம், ஏதோ திருட்டை ஒப்புக்கொள்கிறவர் மாதிரி. "உள்ள போட்ட புதுச் செல்லு தூங்கிரக் கூடாதுன்னு வார ஊசிய நிறுத்தச் சொல்லிட்டாங்கல்ல. பழைய மருந்து ஒடம்ப விட்டு எறங்கி, மூணு மாசமாப் பசிக்குது. மொதல்ல நெஞ்சு வலின்னு நெனச்சு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். எல்லா டெஸ்ட்டும் எடுத்துப் பாத்துட்டு டாக்டரம்மா சிரிக்கறாங்க. கடைல உக்காந்திருக்கறப்ப வவுறு கத்துது. வேலை செய்யற புள்ளைங்க என்ன சத்தம்னு திரும்பிப் பாக்குதுங்க. யாருகிட்டச் சொல்றது? அவ கிட்டச் சொன்னா ரெண்டு ஸ்பூனு ஓட்ஸ் குடுக்கறா. பசின்னா என்னன்னு தெரிஞ்ச ஆளு எனக்கு நீ ஒருத்திதான். அதான் இன்னிக்கு நானும் வந்தேன்."

"உள்ள வாங்கண்ணா" என்றாள் வான்மதி.

சமையலறையில் நின்றபோதுதான் தெரிந்தது. அரிசி டப்பாவில் வண்டு. பருப்பு இல்லை. எண்ணெய் சிக்கு வாசனை அடித்தது. கீழ் வீட்டு ஷகிலாம்மாவிடம் போய் இரண்டு டம்ளர் ரேஷன் அரிசியும், ஒரு கைப்பிடி துவரம்பருப்பும், நாலு சின்ன வெங்காயமும் வாங்கி வந்தாள். "விருந்தாளியா? திங்கறவங்களா?" என்று ஷகிலாம்மா ஆச்சரியப்பட்டு, ஒரு துண்டு நெய்யையும் வாழைச் சருகில் வைத்துக் கொடுத்தாள். குக்கரைத் தேய்த்துக் கழுவி அரிசிம்பருப்புச் சோறு வைத்தாள். தண்ணீர் அளவு மறந்துவிடவில்லை; கை தானே ஊற்றியது. ஆனால் விசில் வந்து வாசனை கிளம்பியபோது, அது நல்ல வாசனையா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

சிவசண்முகம் சமையலறைத் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். தட்டு வைத்ததும் ஆற விடாமல் கையை விட்டார். நாக்கைச் சுட்டுக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வந்தது. சூட்டினாலா என்று அவள் கேட்கவில்லை. இரண்டாவது தடவை போட்டாள். மூன்றாவது தடவை அவரே கரண்டியை வாங்கிக்கொண்டார்.

"உப்பு செரியா இருக்குதுங்களா?"

அவர் தலையை மட்டும் ஆட்டினார். வாய் நிறைய இருந்தது. விழுங்கிவிட்டு, "நீயும் ஒரு தட்டு எடுத்துட்டு உக்காரு" என்றார்.

"எனக்குப் பசிக்கலீங்கண்ணா."

ஊர் விசேஷங்களில், நாலு பேர் பார்க்கிறார்களே என்று எத்தனையோ தடவை பொய்யாகச் சொன்ன பேச்சு அது. இன்று முதல் முறையாக நிஜம். அண்ணனுக்கு அது எப்படிக் கேட்டதோ, கை தட்டிலேயே நின்றுவிட்டது. ஒரு உருண்டை பிடித்து அவள் பக்கம் நீட்டினார். அவள் வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். நனைந்த காகிதத்தை மெல்வது போலிருந்தது. அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்குதுங்கண்ணா" என்றாள்.

அதைக் கேட்டபின்தான் அவர் நான்காவது தடவை போட்டுக்கொண்டார்.

முன் அறையில் ஹேமலதா யாரிடமோ ஃபோனில் பேசுவது கேட்டது. "இல்லீங்க டாக்டர், பம்பு எல்லாம் நல்லா இருக்குதுங்க. அது கவலையில்லீங்க. இவரு திங்கறாருங்க. நாலாந்தடவ வாங்கித் திங்கறாருங்க. பாக்கவே என்னமோ மாதிரி இருக்குது. இந்தக் கோயமுத்தூரு ஊசிய இவருக்கு எப்ப ஆரம்பிக்கலாமுங்க? எப்ப? ஏனுங்க, அவ்வளவு நாளு ஆகுமுங்களா?"

சிவசண்முகத்தின் தோள் குறுகியது. தட்டைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

வான்மதி எழுந்து போய்ச் சமையலறைக் கதவைச் சாத்தினாள்.

"நீங்க சாப்பிடுங்கண்ணா" என்றாள். "அவங்க பேசட்டும்."